ஒருவர் ஏற, ஒருவர் இறங்க

ஜனவரி 6, திங்கள்

மதுரையிலிருந்து வந்து இறங்கி முகம்கூடக் கழுவவில்லை, இந்த நோட்டைத் திறந்துவிட்டேன். பள்ளியில் கபடி அணிக்கு நான் எழுதும் பயிற்சிப் பதிவேடுகளில் மிச்சமிருந்த ஒன்று. சாத்தூரில் இருபத்து நாலு வருஷமாக பி.டி. டீச்சர் வேலை. ஓர் ஆட்டத்துக்குத் தயாராக வேண்டுமென்றால் எனக்குத் தெரிந்த ஒரே வழி தேதி போட்டு எழுதுவதுதான். இந்த முறை அணியில் இரண்டே பேர். சண்முகக்கனியாகிய நான், என் வீட்டுக்காரர் தங்கமாரி.

அவருக்கு ஈரல் சுருங்கிவிட்டது. சிரோசிஸ். ஒரு சொட்டுக் குடிக்காத மனுஷன். கடைத்தெருவில் காராச்சேவுக் கடை வைத்து முப்பது வருஷமாக அடுப்புச் சூட்டில் நின்றதைத் தவிர வேறு தப்புப் பண்ணாதவர். என்றைக்கோ உடம்பில் புகுந்த ஹெபடைடிஸ் பி வைரஸ் சத்தமில்லாமல் ஈரலைத் தழும்பாக்கிவிட்டதாம். வைரஸுக்கு மாத்திரை ஐந்து மாதமாக ஓடுகிறது. போன வாரம் வயிற்றிலிருந்து நாலு லிட்டர் தண்ணீர் எடுத்தார்கள். என் ரத்தப் பிரிவு பொருந்துகிறது. என் ஈரலில் ஒரு பகுதியை வெட்டி அவருக்கு வைக்கலாம் என்று போன மாதமே முடிவாகிவிட்டது. இதெல்லாம் பழைய செய்தி.

இன்றைய செய்தி, இரண்டு பேருமே தகுதிச் சுற்றில் தோற்றுப்போனோம். அவர் கையில் ஒரு கருவியைக் கொடுத்து அழுத்தச் சொன்னார்கள். பதினேழு கிலோதான் காட்டியது. இருபத்தைந்தையாவது தொட வேண்டுமாம். உடம்பில் தசையே இல்லை, இப்போது வெட்டினால் எழுந்திருக்க மாட்டார் என்றார் டாக்டர் நாகரத்தினம். அடுத்து என் பக்கம் திரும்பினார். என் ஈரலில் கொழுப்பு பன்னிரண்டு சதவிகிதம். ஐந்துக்குக் கீழே வந்தால்தான் என் ஈரலைத் தொடுவார்களாம். ஊருக்கெல்லாம் உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கிறவளுக்கு இது தேவைதான். விசில் ஊதுவதால் வயிறு குறைவதில்லை.

"ஏப்ரல் ரெண்டாம் தேதி வாங்க. ரெண்டு பேரையும் மறுபடி பாக்கேன்" என்றார்.

ஆக அவர் ஏற வேண்டும், நான் இறங்க வேண்டும். ஒரே வீடு, ஒரே அடுப்பு, ஒரே எடை மெஷின். பன்னிரண்டு வாரம் இருக்கிறது. மாவட்டப் போட்டிக்கு எனக்கு இதில் பாதி நாள்கூடக் கிடைத்ததில்லை. பஸ்ஸில் வரும்போதே கால் தரையில் நிற்கவில்லை.

ஜனவரி 7, செவ்வாய்

நேற்று டயட்டீஷியன் ஹெப்சிபா மேடம் சொன்னதை மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன். முப்பது வயதுகூட இருக்காது, ஆனால் ஹெட்மிஸ்ட்ரஸ் மாதிரிப் பேசுகிற பெண்.

"நம்ம ஒரு ராத்திரி சாப்பிடாமத் தூங்கினா, அவர் உடம்புக்கு அது ரெண்டு மூணு நாள் பட்டினிக்குச் சமம் டீச்சர். ஈரல்ல சேமிப்பு கிடையாது. உடனே தசையைத் தின்ன ஆரம்பிச்சிரும். அதனால பகல்ல மூணு மணி நேரத்துக்கு மேல வயிறு காலியா இருக்கக் கூடாது. படுக்கப் போகும்போது கட்டாயம் ஒரு சாப்பாடு. காலைல எந்திரிச்சதும் ஒண்ணு."

"ஈரல் சரியில்லன்னா பருப்பு, முட்டையெல்லாம் நிறுத்தணும்பாங்களே மேடம்?"

"அது பழைய பேச்சு. ஈரல் செய்ய முடியாத வேலையைக் கொஞ்சம் தசைதான் செய்யுது. தசை வேணும்னா புரதம் வேணும். இவருக்கு ஒரு நாளைக்கு எழுபது கிராமாவது போகணும். உப்பு மட்டும், சமையல்ல போடுற எல்லாம் சேர்த்து, நாள் முழுக்க ஒரு டீஸ்பூனுக்குக் கீழ. அதுக்கு மேல போனா தண்ணி கோத்துக்கும்."

இன்று முதல் நாள். ஆறு வேளை. நான் பள்ளிக்குக் கிளம்பு முன் அவருக்கு மூன்று இட்லி, இரண்டு முட்டை. பத்தரைக்குச் சுண்டல் டப்பா. மதியம் குழைந்த சோறு, கெட்டிப் பருப்பு, விளைமீன் குழம்பு. நாலரைக்கு வேர்க்கடலையும் வாழைப்பழமும். ராத்திரிக்குச் சோயா போட்ட சப்பாத்தி. பத்து மணிக்குப் பாலும் இரண்டு ராகி ரொட்டியும். இட்லி மாவை நேற்று ராத்திரியே உப்பில்லாமல் தனியாக எடுத்து வைத்தேன். உப்புத் தடுக்காததால் விடிவதற்குள் பொங்கி மேடையெல்லாம் வழிந்துவிட்டது.

முதல் முட்டையை வாயில் வைத்து, கடையில் சேவு சரிபார்க்கிற மாதிரிக் கண்ணை மூடினார். நாக்குதானே அந்தக் கடையின் முதல்.

"கனி, இது முட்டை இல்ல. முட்டையோட போட்டோ."

எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து மிளகைத் தூவிக் கொடுத்தேன். ஒன்றரை சாப்பிட்டார்.

ஜனவரி 9, வியாழன்

எடை: அவர் 54.2. நான் 74.6. பாத்ரூம்: மூன்று முறை. டாக்டர் அவருக்குக் கொடுத்த பாகு மருந்தைக் குடித்தால் அப்படித்தான் போக வேண்டுமாம், போகாவிட்டால்தான் மூளைக்கு ஆபத்தாம். என் வாழ்க்கையில் எத்தனையோ பதிவேடு எழுதியிருக்கிறேன், இந்தக் கட்டம் போட்டது இதுதான் முதல் தடவை.

நாளையிலிருந்து அவருக்கு நடை. வீட்டிலிருந்து கடை எழுநூறு மீட்டர். போக ஒன்று, வர ஒன்று. அங்கே நாற்காலியில் உட்காரலாம், அடுப்புப் பக்கம் போகக் கூடாது. உத்தரவு.

ஜனவரி 12, ஞாயிறு

அவருடைய அக்கா பேச்சித்தாய் மதினி வந்திருந்தார். கையில் ஒரு கட்டுக் கீழாநெல்லி.

"மஞ்சக்காமாலை வந்த ஈரலுக்கு எவளாவது முட்டையும் மீனும் குடுப்பாளா? பத்தியக் கஞ்சி குடுத்து, இதை அரைச்சு மோர்ல குடு. ஈரல் தன்னால தெளிஞ்சிரும்."

"இது காமாலை இல்ல மதினி. வேற."

"நீ படிச்சவ. உனக்கு எல்லாம் வேறதான்."

டாக்டரைக் கேட்காமல் எந்தப் பச்சிலையும் கூடாது என்று ஹெப்சிபா மேடம் இரண்டு தடவை சொல்லியிருக்கிறார். மதினியிடம் வாதாடினால் பொழுது போய்விடும். சிரித்துக்கொண்டே வாங்கி, அவர் போனதும் முருங்கை மரத்து மூட்டில் போட்டேன். முருங்கைக்கு ஈரல் நன்றாகத்தான் இருக்கிறது.

ஜனவரி 14, பொங்கல்

சர்க்கரைப் பொங்கலில் உப்புக் கிடையாது. அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். பெரிய கரண்டிக்கு இரண்டு வாங்கி, ஒன்றோடு நிறுத்திக்கொண்டார். வயிறு சீக்கிரம் நிறைந்துவிடுகிறதாம்.

எடை: அவர் 55.1. ஐந்து நாளில் தொள்ளாயிரம் கிராம். ஒரு நட்சத்திரம் போட்டேன். நான் 74.5.

ஜனவரி 19, ஞாயிறு

55.9. இரண்டு நட்சத்திரம். சமையலறைச் சுவரில் வரைபடத் தாள் ஒட்டிவிட்டேன். அவருக்குச் சிவப்புக் கோடு, எனக்குப் பச்சைக் கோடு. சிவப்பு படிக்கட்டு மாதிரி ஏறுகிறது. பச்சைதான் படுத்துக் கிடக்கிறது. காலையில் மைதானத்தைப் பன்னிரண்டு சுற்று ஓடுகிறேன், ராத்திரி சோற்றைத் தொடுவதில்லை. பிறகு ஏன் இறங்க மாட்டேன் என்கிறது என்று தெரியவில்லை. மெஷின் அவரை நிறுத்தும்போது மட்டும் ஒழுங்காக வேலை செய்கிறதோ என்னவோ.

ஜனவரி 22, புதன்

ஸ்டாஃப் ரூமில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். கணக்கு டீச்சர் சிவப்புக் கோட்டை நீட்டிப் பார்த்து, ஏப்ரலில் அறுபத்தெட்டு கிலோ வருவார் என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கு மாநிலக் கோப்பை வாங்கியது போல் இருந்தது.

அலுவலகத்தில் வருங்கால வைப்பு நிதிக்கு வாரிசு பெயரை மகள் நித்யகலாவுக்கு மாற்றி எழுதிக் கொடுத்தேன். காரணம் ஒன்றுமில்லை. ரொம்ப நாளாகச் செய்ய நினைத்த வேலை.

ஜனவரி 25, சனி

57.1. மூன்று நட்சத்திரம். நான் 74.4.

கொசு. தூக்கம் சரியில்லை.

ஜனவரி 27, திங்கள்

பெருமையடிக்கத்தான் ஹெப்சிபா மேடத்துக்குப் போன் போட்டேன்.

"மூணு கிலோ ஏறிட்டாரு மேடம்."

"எத்தனை நாள்ல?"

"பதினெட்டு நாள்ல."

"கைப்பிடி எவ்வளவு காட்டுது டீச்சர்?" என்றார். நான் சொந்தமாக ஒரு கருவி வாங்கி வைத்திருக்கிறேன். பதினேழு. ஜனவரி ஆறிலும் பதினேழு, இன்றும் பதினேழு. அது எனக்கும் உறுத்திக்கொண்டுதான் இருந்தது, நட்சத்திரம் போடுகிற மும்முரத்தில் ஒதுக்கிவைத்திருந்தேன்.

"அவர் கால்கிட்ட உக்காருங்க. கணுக்காலுக்கு மேல கட்டைவிரலை வச்சு அஞ்சு எண்ணுற வரைக்கும் அழுத்திட்டு எடுங்க."

அழுத்தி எடுத்தேன். பிசைந்த மாவில் அழுத்தினது போல விரல் போன இடம் குழியாகவே நின்றது.

"தசை இப்படி ஓடி வராது டீச்சர். அது தண்ணி. நாளைக்கு ரத்தம் குடுங்க, டாக்டர் நீர் மாத்திரையைக் கூட்டுவார். ஆனா உப்பு எங்கிருந்தோ உள்ள போகுது. அதைக் கண்டுபிடிங்க."

போனை வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்தேன். தோற்றுக்கொண்டிருந்த ஆட்டத்துக்கு நின்று கைதட்டியிருக்கிறேன். இருபத்து நாலு வருஷ அனுபவம் வேறு. வரைபடத்தைக் கிழித்துப் போட்டேன். வெட்கமாக இருந்தது.

ஜனவரி 28, செவ்வாய்

காலையில் அடுக்களை முழுவதும் சோதனை. ஊறுகாய் ஜாடியின் வாயில் கட்டிய துணி அப்படியே இருக்கிறது. அப்பளம் பரணில். கருவாடு வீட்டுக்குள் வந்தே ஒரு மாதம். மதினியைக்கூடச் சந்தேகப்பட்டேன். அவர் பத்தியக் கட்சி, உப்பைக் கண்ணில் காட்ட மாட்டார்.

மூன்றாம் பீரியடில் பெர்மிஷன் போட்டுவிட்டுக் கடைக்குப் போனேன், பின்வாசல் வழியாக. சேவு போடுகிற ஆள் பால்பாண்டி சட்டிக்கு மேல் கரண்டியில் மாவைத் தேய்த்துக்கொண்டிருந்தான். இவருடைய நாற்காலி, சொன்னபடி, அடுப்பிலிருந்து தள்ளித்தான் கிடந்தது. ஓர் ஈடு வெந்து எடுத்ததும் பால்பாண்டி அதிலிருந்து ஒரு பிடியை அள்ளி ஒரு தட்டில் வைத்து இவரிடம் நீட்டினான். இவர் வாயில் போட்டு, கண்ணை மூடி, மென்று விழுங்கி, "உப்பு ஒரு பொட்டு தூக்கல். அடுத்த மாவுல குறை" என்றார். அடுத்த ஈடு வந்தது. அடுத்த பிடி.

"என்னங்க பண்றீங்க?"

திடுக்கிடவில்லை. ஒளிக்கவும் இல்லை. "சரி பாக்கேன்" என்றார்.

"திங்கிறீங்க."

"இது திங்கிறது இல்ல கனி. இது வேல."

அதை அவர் முழு மனதாகச் சொன்னார், அதுதான் என்னை உலுக்கியது. வெளியில் ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று ஹெப்சிபா மேடம் கேட்டபோது இதே முகத்தோடுதான் இல்லையென்று தலையாட்டினார். பொய் இல்லை. முப்பது வருஷமாக அவர் வாயில் போன சேவை அவர் ஒரு நாளும் சாப்பாட்டில் சேர்த்ததில்லை. ஒரு நாளைக்குப் பதினாறு ஈடு. ஈட்டுக்கு ஒரு பிடி. அங்கே அனுப்பி வைத்தது யார்? நான். நடைப்பயிற்சி.

மைதானத்துக் குரலில் கத்தினேன். அரைக் கிலோ கேட்டு நின்ற ஆள் கேட்டதை வாங்காமலே போய்விட்டார்.

ஜனவரி 29, புதன்

ஆறு வேளையும் தட்டுச் சத்தம்தான்.

ராத்திரி பத்து மணிச் சாப்பாட்டில் பாதி ரொட்டியை ஒதுக்கினார். நான் தட்டை எடுத்துக்கொண்டு போனேன். பின்னாலேயே அடுக்களைக்கு வந்து நின்றார். என் வாயில் அந்தப் பாதி ரொட்டி.

"இது என்னது?" என்றார்.

"மிச்சம். வீணாப் போகுதேன்னு."

"காலைல அரை முட்டை?"

யோசித்தேன். அதுவும் நான்தான்.

"மத்தியானம் ஒரு துண்டு மீன், சாயங்காலம் கடலை, பொங்கலன்னைக்கு ஒரு கரண்டி நெய் வடிய வடிய. எனக்கு அது வேல. உனக்கு இது மிச்சம். நாம ரெண்டு பேருமே ஒண்ணும் திங்கல, என்ன?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அந்த வயிற்றில் தண்ணீர் இருக்கிறதே என்ற நினைப்பு வந்ததும் நான் நிறுத்திக்கொண்டேன்.

பிப்ரவரி 1, சனி

புதிய விதிகள். ஒன்று, அவர் மிச்சம் முருங்கை மூட்டுக்குப் போகும், என் வாய்க்கு வராது. இரண்டு, எடையோடு இடுப்புச் சுற்றளவும் கணுக்காலும் பார்க்க வேண்டும். மூன்றாவது விதியை அவரே சொன்னார், எனக்கு அதைக் கேட்கக் கஷ்டமாக இருந்தது. கடையில் உப்பை இனி எடை போட்டுத்தான் மாவில் கலப்பது.

அதுவரை அந்தக் கடையில் உப்புக்கு எடையே கிடையாது, அவர் நாக்குதான். பால்பாண்டி ஒரு நாள் முழுக்கக் கண் அளவில் உப்பை அள்ள, இவர் ஒவ்வொரு அள்ளலையும் நிறுத்து, நாலைந்து தடவைக்கு ஒரு சராசரி எடுத்தார். அந்த அளவில் போட்ட முதல் ஈட்டைப் பால்பாண்டியே சாப்பிட்டுப் பார்த்து, "அதேதான் அண்ணாச்சி. அச்சு அசல்" என்றான். வாங்க வந்தவர்கள் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து, "இத்தனை வருஷம் என் நாக்கு மாதிரி வராதுன்னு நெனச்சேன். ஒரு தராசுக்கும் அது தெரிஞ்சிருக்கு" என்றார். நான் ஆறுதல் சொல்லத் தெரியாமல் ஒரு டம்ளர் பாலைக் கொடுத்தேன்.

பிப்ரவரி 5, புதன்

ஹெப்சிபா மேடத்துக்குப் போன். நான் ரத்தப் பரிசோதனையைப் பற்றிப் பேசிவிட்டு, அவரிடம் கொடுத்தேன். அவர் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய் ரொம்ப நேரம் பேசினார். என்ன என்று கேட்டேன். "சும்மா, முட்டையப் பத்தி" என்றார்.

பிப்ரவரி 11, செவ்வாய்

எடை: அவர் 54.0. குறைந்திருக்கிறது, அதற்குத்தான் இன்று நட்சத்திரம். கணுக்காலில் குழி இல்லை. இடுப்பு ஆறு சென்டிமீட்டர் குறைவு. கைப்பிடி பத்தொன்பது. பத்தொன்பது.

நான் 72.3. மிச்சம்தான் குற்றவாளி.

பிப்ரவரி 16, ஞாயிறு

தட்டில் இப்போதெல்லாம் மிச்சமே இருப்பதில்லை. முருங்கை ஏமாந்துபோய் நிற்கிறது. முட்டை இரண்டும் போகிறது, மீன் முள்ளைத் தவிர எல்லாம் போகிறது, மோரில் அடித்த பருப்புச் சாறுகூட. பூண்டும் மிளகும் சீரகமும் வறுத்துப் பொடித்து ஒரு பொடி கண்டுபிடித்திருக்கிறேன், உப்பில்லாத குறையே தெரியாது. என் கைப்பக்குவம் கூடிவிட்டது என்று நினைக்கிறேன்.

பிப்ரவரி 24, திங்கள்

நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து உட்காருவது: ஐந்து தடவைக்குப் பதினான்கு விநாடி. ஜனவரியில் பத்தொன்பது.

கைப்பிடி 21.

மார்ச் 3, திங்கள்

நேற்றுத்தான் கவனித்தேன். கல்யாணமாகி இருபத்தாறு வருஷம், நாங்கள் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டது விசேஷ வீடுகளில்தான். காலை ஐந்தரைக்கு நான் மைதானத்துக்குப் போய்விடுவேன், ராத்திரி பத்தரைக்கு அவர் கடையடைத்து வருவார். மேடையில் மூடி வைத்த தட்டுதான் எங்களுக்குள் பேச்சு. இப்போது ஒரு நாளைக்கு நாலு வேளையாவது எதிரெதிரே. அவர் சாப்பிடும்போது முதலில் இடது பக்கம்தான் மெல்லுவார் என்பதே இந்த வருஷம்தான் தெரியும்.

புரதம் இன்று: 74 கிராம்.

மார்ச் 8, சனி

பத்து மணிப் பால் குடிக்கும்போது கேட்டார். "வெட்டுனா வலிக்குமா உனக்கு?"

"மயக்க மருந்து குடுப்பாங்க. என்ன வலி?"

"அப்புறம்?"

"அப்புறம் மாத்திரை. ஈரல் ரெண்டு மூணு மாசத்துல பெரும்பாலும் பழையபடி வளந்துரும். கபடில பல்லு ஒடஞ்ச பிள்ளைங்களப் பாத்தவ நான்."

அவர் டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் படுத்தார்.

தழும்பு ஏறக்குறைய எட்டு அங்குலம் இருக்கும் என்று நர்ஸ் சொல்லியிருந்தார். இன்று குளிக்கும்போது சாண் வைத்து அளந்து பார்த்தேன். சரி.

மார்ச் 15, சனி

நித்யகலா கோயம்புத்தூரிலிருந்து போன். ஏப்ரலில் லீவு போட்டு வருகிறேன் என்றாள். சரி, வரும்போது வா என்றேன். பத்திரம் பீரோவில் மேல் தட்டு, என் சர்டிபிகேட்டெல்லாம் நீலப் பையில், நகை எந்தப் பெட்டி என்று சொன்னேன்.

"இதையெல்லாம் இப்ப எதுக்கும்மா சொல்ற?"

"வீடு ஒதுங்க வச்சேன். சும்மா சொன்னேன்."

கைப்பிடி 23. நான் 69.8. பாவாடை நாடாவில் இரண்டு முடிச்சுக் கூடுதல்.

மார்ச் 22, சனி

பேச்சித்தாய் மதினி வந்தார். தம்பியைப் பார்த்துவிட்டு, "முகம் தெளிஞ்சிருச்சே. கீழாநெல்லி குடுத்தியா?" என்றார்.

"நீங்க குடுத்தத வீணாக்கலாமா மதினி" என்றேன்.

மார்ச் 30, ஞாயிறு

கைப்பிடி 25. இருபத்தைந்து. மூன்று தடவை அழுத்தச் சொன்னேன், மூன்று தடவையும் இருபத்தைந்து. கடைக்குப் போய்த் திரும்பும் வழியில் அரிசி மூட்டைக்காரனோடு பேசிக்கொண்டே வேகமாக நடந்து வந்தாராம், பால்பாண்டி சொன்னான். எடை 56.3, கால் காய்ந்து கிடக்கிறது, இது நிஜக் கிலோ. நான் 68.4. தெருவில் இறங்கி எல்லார் வீட்டுக் கதவையும் தட்டிச் சொல்ல வேண்டும் போல் இருக்கிறது.

ஏப்ரல் 1, செவ்வாய்

பை தயார். ரிப்போர்ட், மாற்றுத் துணி, உப்பில்லாத சப்பாத்தி எட்டு, அவித்த முட்டை நாலு. கொசு.

ஏப்ரல் 2, புதன்

காலை ஏழரைக்கு ரத்தம், ஒன்பதுக்கு எனக்கு ஸ்கேன், பதினொன்றுக்கு அவருக்கு ஸ்கேன். நடுவில் ஹெப்சிபா மேடம் அவரைக் கருவியை அழுத்தச் சொன்னார். இருபத்தாறு. அந்தப் பெண் எழுந்து நின்று கைகொடுத்தார்.

நாலு மணிக்கு டாக்டர் நாகரத்தினம் கூப்பிட்டார். முதலில் என் தாளை எடுத்தார். கொழுப்பு நாலு சதவிகிதம். பாஸ். நான் நாற்காலியிலேயே ஒரு குதி குதித்தேன். அடுத்து அவர் தாளை ரொம்ப நேரம் படித்தார். பழைய தாளையும் எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். எப்போது தேதி சொல்வார் என்று நான் மேஜை நாட்காட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன். சித்திரை பிறப்பதற்குள் வைப்பாரா, அதற்கு அடுத்த வாரமா.

"ஆபரேஷன் இப்ப வேண்டாம்மா" என்றார்.

எனக்கு உயிரே போய்விட்டது. "இருபத்தாறு வந்திருச்சே சார். தாங்க மாட்டாரா?"

"தாங்குவாரு. தேவையில்லன்னு சொல்றேன். மஞ்சள் இறங்கிருச்சு, ரத்தத்துல ஆல்புமின் புரதம் ஏறிருச்சு, வயித்துல தண்ணி இல்ல. கூடக் கூட மோசம்னு ஈரலுக்கு ஒரு ஸ்கோர் உண்டு, ஜனவரில அது இருபது. இன்னைக்குப் பதிமூணு. மருந்து வைரஸைப் பிடிச்சிருச்சு, சாப்பாடு உடம்பைத் தூக்கிருச்சு. எல்லாருக்கும் இப்படி வராது, கொஞ்சப் பேருக்கு வரும். இந்த ஸ்கோர்ல வெட்டுறதுதான் ஆபத்து. சிரோசிஸ் போயிரல, அது இருக்கு. உப்பை விட்டாலோ ராத்திரிச் சாப்பாட்டை விட்டாலோ மறுபடி வருவீங்க. மூணு மாசத்துக்கு ஒரு தடவை காட்டுங்க."

"அப்ப நான்?"

"நீங்க உங்க ஈரலைப் பத்திரமா வச்சுக்கோங்க. ஒரு நாள் தேவைப்பட்டாலும் படலாம்."

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தோம். உடம்பைச் சூடேற்றிக் களத்தின் கோட்டில் நிற்கிற பிள்ளையிடம் இன்றைக்கு ஆட்டம் இல்லை, வீட்டுக்குப் போ என்று சொன்னால் எப்படி இருக்கும். ஆறு கிலோவைச் சும்மாவா இறக்கினேன் என்று கோபம்கூட வந்தது. அவர் பையைத் திறந்து ஒரு முட்டையை உரித்து எனக்குக் கொடுத்தார். நாலரை மணி, இது உங்கள் நேரம், நீங்கள் சாப்பிடுங்கள் என்றேன். ஆளுக்கொன்று சாப்பிட்டோம்.

பஸ்ஸில் திருமங்கலம் தாண்டும்போது சந்தோஷம் வந்தது. தாமதமாக வந்தாலும் மொத்தமாக வந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்து விருதுநகர் வரும்வரை பல்லைக் காட்டிக்கொண்டே வந்தேன்.

ஏப்ரல் 3, வியாழன்

இந்த நோட்டில் நான் எழுதாத ஒன்று உண்டு. பயந்தேன். ஜனவரி ஆறாம் தேதியிலிருந்து ஒவ்வொரு நாளும் பயந்தேன். மயக்கத்திலிருந்து எழுந்திருக்காமல் போய்விடுவேனோ, எழுந்திருந்தாலும் இனி ஓட முடியாமல் போய்விடுமோ என்று பயந்தேன். வாரிசு பெயரை அதற்குத்தான் மாற்றினேன். கொசு ஒன்றும் கிடையாது, வலை கட்டித்தான் படுக்கிறோம். கொடுக்க மனசு இருந்தது, அதோடு பயமும் இருந்தது. ஓர் ஆட்டக்காரர் பயத்தைக் காட்டக் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிச் சொல்லி எனக்கே எழுதக் கூசியது.

காலையில் ஏழு மணிச் சாப்பாட்டின்போது அவரிடமும் சொல்லிவிட்டேன். "நான் ரொம்பப் பயந்துட்டேங்க."

"தெரியும்" என்றார், இட்லியைப் பிட்டுக்கொண்டே.

"எப்படித் தெரியும்?"

"தூக்கத்துல பேசுன. 'டைம் அவுட் சார், டைம் அவுட் சார்'னு யார்கிட்டயோ கெஞ்சிக்கிட்டே கெடப்ப. ஜனவரி மாசத்துல இருந்து."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ ஒத்துக்குவியா? காலைல எந்திரிச்சு இன்னும் ரெண்டு சுத்துக் கூட ஓடுவ." கொஞ்சம் தண்ணீர் குடித்தார். "அன்னைக்கு வாசல்ல போய் அந்த டயட்டு அம்மாகிட்ட கேட்டேன். இவள வெட்டாம இருக்க ஏதாச்சும் வழி இருக்கான்னு. கொஞ்சப் பேருக்கு மருந்தும் சாப்பாடுமே தூக்கி விட்டுரும், உறுதி சொல்ல முடியாது, முழுசாச் சாப்பிட்டுப் பாருங்கன்னாங்க. அதான் தட்டுல ஒண்ணும் மிச்சம் வைக்கல. உன் பொடி ஒண்ணும் அப்படி நல்லால்ல கனி."

நான் எழுந்து அடுக்களைக்குப் போய், அடுப்பை அணைத்துவிட்டு, நன்றாக அழுதேன். பள்ளிக்குப் பத்து நிமிஷம் தாமதம். இருபத்து நாலு வருஷத்தில் இதுதான் முதல் தடவை.